டெர்மன் பொறுக்கியெடுத்த 1,528 பிள்ளைகளும் வெளியே நின்ற இரண்டு நோபல்காரர்களும்

வெண்ணாறு எழுதியது:

பி.எட். படித்தவர்களுக்கு அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் பெயர் தெரிந்திருக்கும். ‘மீத்திறன் குழந்தைகள்’ பாடத்தில் ஒரு வரி வரும், அதற்கு இரண்டு மதிப்பெண், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆளின் ஆய்வு ஒரு பெரிய கதை.

பாரிஸில் ஆல்ஃப்ரட் பினேவும் சைமனும் 1905-ல் உருவாக்கிய நுண்ணறிவுச் சோதனையை டெர்மன் அமெரிக்காவுக்கு ஏற்றபடி மாற்றி 1916-ல் ஸ்டான்ஃபோர்ட்-பினே சோதனையாக வெளியிட்டார். 1921-ல் கலிஃபோர்னியா பள்ளிகளில் அதிபுத்திசாலிக் குழந்தைகளைத் தேடத் தொடங்கினார். மொத்தம் 1,528 பேர்: 856 பையன்கள், 672 பெண்கள். பெரும்பாலோருக்கு ஐக்யூ 135-க்கு மேல். இவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து, மேதைகள் எப்படி உருவாகிறார்கள் என்று பார்ப்பதுதான் திட்டம். டெர்மன் 1956-ல் இறந்த பிறகும் ஆய்வு தொடர்ந்தது.

அந்தக் கூட்டம் நன்றாகவே வாழ்ந்தது. அணுகுண்டு செய்த லாஸ் அலாமோஸ் ஆய்வுக்கூடத்தை ஓப்பன்ஹைமருக்குப் பின் நடத்திய நாரிஸ் பிராட்பரி, உணவியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ், ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சித் தொடரை உருவாக்கிய ஜெஸ் ஓப்பன்ஹைமர் எல்லாம் அதிலிருந்து வந்தவர்கள். ஆனால் ஒரு நோபல்கூட இல்லை. சோதனை எழுதி, மதிப்பெண் போதாமல் வெளியே நின்ற பையன்களில் இருவர் நோபல் வாங்கினார்கள். டிரான்சிஸ்டருக்காக 1956-ல் வில்லியம் ஷாக்லி. துகள் இயற்பியலுக்காக 1968-ல் லூயிஸ் ஆல்வரெஸ்.

இதை வைத்து ‘ஐக்யூ என்பதே புரட்டு’ என்று வாட்ஸாப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஏதோ ஒன்று நிச்சயமாகத் தவறியிருக்கிறது. என்ன தவறியது என்று பேசலாமா?

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

முதலில் அந்த ஃபார்வர்டைப் பெருக்கல் வகுத்தலில் முடித்துவிடுவோம்.

1910 வாக்கில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 25 லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. ஓர் ஆண்டில் பிறந்தவர்களில் பின்னாளில் அறிவியல் நோபல் வாங்கியவர்கள் தாராளமாக ஐந்து பேர் என்று வையுங்கள். அந்த ஐந்து பேரும் ஒருவர் விடாமல் ஐக்யூவில் முதல் ஒரு சதவீதத்திலிருந்தே வந்தார்கள் என்றும் வையுங்கள். சோதனைக்கு இதைவிடச் சாதகமாக எதையும் வைக்க முடியாது. முதல் ஒரு சதவீதம் என்றால் 25,000 பேர். அதில் ஐந்து என்றால் ஐயாயிரத்துக்கு ஒருவர். டெர்மனிடம் இருந்ததோ 1,528 பேர். எதிர்பார்க்க வேண்டிய நோபல் 0.3. அதாவது எதிர்பார்ப்பே பூஜ்யத்துக்குப் பக்கம்தான், கிடைத்ததும் பூஜ்யம். இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது?

நான் தோராயமாகப் போட்டதை ரஸ்ஸல் வார்னும் சகாக்களும் 2020-ல் முறையாகவே செய்து ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் காட்டும் காரணம் இரண்டு: நோபல் மிக மிக அரிது, உள்ளே விட டெர்மன் வைத்த ஐக்யூ கோடு மிக உயரம். சோதனையைக் குறை சொல்ல இந்த ஒரு கதை போதாது.

---

ராஜபாளையத்தான் எழுதியது:

வாத்தியாரே, உள்ளே யாரும் வாங்கலைன்னு சொல்றதுக்கு உங்க கணக்கு சரி. வெளியே நின்னவங்கள்ல ரெண்டு பேர் வாங்கினாங்களே, அதுக்கு?

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

வெளியே நின்றவர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம், தம்பி. கோட்டுக்குச் சற்றே கீழே இருப்பவர்கள் கோட்டுக்கு மேலே இருப்பவர்களைவிட எப்போதும் பல மடங்கு. தலைக்கு வாய்ப்பு குறைவாக இருந்தாலும் தலை எண்ணிக்கை அதிகமாக இருந்தால் மொத்தத்தில் அங்கிருந்துதான் அதிகம் வரும். நூற்றுக்கு 99 எடுத்தவர்களைவிட 90-க்குப் பக்கத்தில் எடுத்தவர்களிலிருந்து அதிகம் டாக்டர்கள் வருவதும் இதனால்தான்.

---

செல்வி_டீச்சர் எழுதியது:

கணக்கு சரியாக இருக்கலாம் சார். ஆனால் அந்த 1,528 பேர் எப்படி வந்தார்கள் என்பதை யாரும் கேட்கவில்லையே. டெர்மன் எல்லாக் குழந்தைகளுக்கும் சோதனை வைக்கவில்லை. அதற்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆசிரியர்களிடம் ஒரு படிவம் கொடுத்தார்: உங்கள் வகுப்பில் மிகப் புத்திசாலி யார், அடுத்தது யார், வயதில் மிகச் சிறிய பிள்ளை யார்? அந்தப் பெயர்களுக்குத்தான் அடுத்த கட்டச் சோதனை.

நான் இருபது வருஷத்துக்கு மேல் வகுப்பெடுக்கிறேன். அந்தப் படிவத்தை என்னிடம் கொடுத்தால் யார் பெயரை எழுதுவேன்? பளிச்சென்று பதில் சொல்லும் பிள்ளை, கையெழுத்து அழகாக இருக்கும் பிள்ளை, வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ரிஃபில் ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டிருப்பவன் பெயர் என் பேனாவில் வராது. அதனால்தான் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வர்க்கப் பிள்ளைகள். லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லாண்ட் நகரங்களில் வேறு பிள்ளைகளே படிக்கவில்லையா?

வயதில் சிறிய பிள்ளையைக் கேட்டது மட்டும் நல்ல யோசனை. அதில் ஆசிரியரின் அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

இன்னொன்று, அந்த 672 பெண் குழந்தைகள். நடுவயதில் அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இல்லத்தரசிகள். அவர்கள் அறிவு என்ன ஆனது என்று டெர்மனே யோசித்தாரா தெரியாது. வெற்றி பெற்றவர், பெறாதவர் என்று பிரித்து ஒப்பிட்டபோது ஆண்களை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்.

---

டூல்ரூம்_மணி எழுதியது:

நான் சைக்காலஜி படிச்சவன் இல்ல. கோயம்புத்தூர்ல டை, ஜிக் பண்ற டூல்ரூம்ல இருக்கேன். ஆனா இதுல எனக்குச் சொல்ல ஒண்ணு இருக்கு.

ஸ்டான்ஃபோர்ட்-பினேங்கிறது பெரும்பாலும் வாயால பதில் சொல்ற சோதனை. வார்த்தைக்கு அர்த்தம், வாக்கியத்துல என்ன தப்பு, சொன்னதைத் திருப்பிச் சொல்லு, இந்த மாதிரி. ஆல்வரெஸ் யாரு? வாழ்நாள் பூரா கருவி கட்டினவர். ஷாக்லி யாரு? படிகத்துக்குள்ள எலக்ட்ரான் எப்படி நகருதுன்னு மனசுக்குள்ள பார்த்தவர். ஒரு பொருளைக் கண்ணை மூடிக்கிட்டுத் திருப்பிப் பார்க்கிற திறமை அந்தச் சோதனையில எங்க இருக்கு?

எங்க பட்டறையில பத்தாவது தாண்டாத ஒரு ஃபிட்டர் இருந்தார். மூணு பக்க டிராயிங்கைக் காட்டினா, எந்த ஓட்டை எங்க இடிக்கும்னு உடனே சொல்வார். அதே டிராயிங்கைக் கம்ப்யூட்டர்ல முப்பரிமாணமாப் போட்டுப் பார்த்த பிறகுதான் இன்ஜினியருக்குத் தெரியும். அவரை உட்கார வச்சு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா நூறைத் தாண்ட மாட்டார்.

வெர்னியரை வச்சு விட்டம் அளக்கலாம், இரும்பு எவ்வளவு கடினம்னு அளக்க முடியாது. அதுக்கு வெர்னியர் மேல கோவிச்சுக்கக் கூடாது. ஆனா வெர்னியரை மட்டும் வச்சுக்கிட்டு ‘இரும்பையே அளந்துட்டேன்’னு சொன்னா கோவம் வரத்தான் செய்யும்.

---

வெண்ணாறு எழுதியது:

மணி அண்ணே, நீங்கள் சொன்னதற்கு ஆதாரமே இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1971-ல் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை வைத்து, கணக்கில் கெட்டிக்காரர்களைக் கண்டுபிடித்து, டெர்மனைப் போலவே பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பின்னர் அதை டேவிட் லூபின்ஸ்கியும் கமீலா பென்போவும் நடத்தினார்கள். அதில் 563 பேருக்கு இடம்சார் திறன், அதாவது உருவத்தை மனதில் சுழற்றும் திறன், தனியாகச் சோதிக்கப்பட்டிருந்தது. 2013-ல் வந்த முடிவு இது: யார் காப்புரிமை பெறுவார், யார் ஆய்வுக் கட்டுரை வெளியிடுவார் என்று கணிக்க, கணக்கு மதிப்பெண்ணும் மொழி மதிப்பெண்ணும் சொன்னதற்கு மேலாக இடம்சார் திறன் கூடுதல் தகவல் தந்தது.

நம் தேர்வுகளிலும் இது இல்லை. ஐ.டி.ஐ. பையன்களிடம் இருக்கும், யாரும் கேட்பதில்லை.

செல்வி டீச்சர் சொன்ன ஒப்பீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1940-ல் 730 ஆண்களை எடுத்து, வாழ்க்கையில் மிக முன்னேறியவர்கள் 150 பேர், பின்தங்கியவர்கள் 150 பேர் என்று இரண்டு குழு பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் ஐக்யூவில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது: எடுத்த காரியத்தை விடாமல் முடிப்பது, இலக்கை நோக்கி வாழ்க்கையை ஒழுங்குபடுத்துவது, தன்னம்பிக்கை, தாழ்வு மனப்பான்மை இல்லாமை. அதோடு முன்னேறியவர்களின் அப்பாக்களில் படித்தவர்கள் கணிசமாக அதிகம். கடைசியில் சொன்னதை மேடைப் பேச்சாளர்கள் வசதியாக விட்டுவிடுவார்கள்.

டெர்மன் வெறும் பார்வையாளராகவும் இருக்கவில்லை. ஆய்வில் இருந்த பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார், ஸ்டான்ஃபோர்டில் இடம் கிடைக்க உதவினார். ஆய்வு முடிவில் அவர் கையும் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

---

நள்ளிரவுத்தேநீர் எழுதியது:

எல்லாம் சரி. பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி எடுத்தால் யாரும் மேதைதான். ஐக்யூவெல்லாம் சாக்கு.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

அந்தப் பத்தாயிரம், உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனின் 1993 கட்டுரையில் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றிய ஒரு சராசரி. அதைத் தொட்டால் யாரும் மேதை என்று அவர் எங்கும் எழுதவில்லை. 2014-ல் புரூக் மக்னமாராவும் சகாக்களும் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் திறமை வேறுபடுவதில் பயிற்சியால் விளக்கக்கூடிய பங்கு, சதுரங்கம் போன்ற விளையாட்டுகளில் 26 சதவீதம், இசையில் 21, உடல்திறன் விளையாட்டில் 18, கல்வியில் 4, தொழில்களில் ஒரு சதவீதத்துக்கும் கீழ். பயிற்சி வேண்டும். பயிற்சி மட்டும் போதும் என்பதற்கு இதில் இடமில்லை. தேநீரைக் குடித்துவிட்டுப் படுங்கள்.

---

கோட்டோவியன் எழுதியது:

இவ்வளவு நேரமும் படைப்பாற்றலைப் பற்றி யாருமே பேசவில்லையே. ஐக்யூ என்பது ஒரே சரியான விடையை நோக்கிப் போகும் சிந்தனை. குவி சிந்தனை என்பார்கள். செங்கல்லை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்டால் பத்து விதமாகக் கிளை பிரியும் விரி சிந்தனை வேறு. 1950-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைமையுரையில் கில்ஃபோர்ட் இதைத்தான் உரக்கச் சொன்னார். உளவியல் ஆய்வுச் சுருக்கங்களில் சுமார் 1,21,000 தலைப்புகளைப் பார்த்ததாகவும், படைப்பாற்றல் தொடர்பானவை வெறும் 186 என்றும் கணக்குக் காட்டினார்.

நான் கட்டடக்கலைக்காரன் என்பதால் எனக்குப் பிடித்தது பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டொனால்ட் மெக்கின்னன் செய்தது. அமெரிக்காவின் மிகப் படைப்பூக்கமுள்ள கட்டடக் கலைஞர்கள் என்று துறைக்காரர்களே சொன்ன 40 பேரை வரவழைத்துச் சோதித்தார். ஈரோ சாரினென், ஃபிலிப் ஜான்சன், ரிச்சர்ட் நியூட்ரா எல்லாம் அதில் உண்டு. அவர்களுக்குள் ஐக்யூவுக்கும் படைப்பூக்கத்துக்கும் இருந்த ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து கூடிக் குறைகின்றனவா என்று காட்டும் எண்) மைனஸ் 0.08. ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்.

எனக்கு உறைத்தது வேறொன்று. தங்களை எப்படி வர்ணிப்பீர்கள் என்று கேட்டபோது இவர்கள் ‘புதிது காண்பவன், சுதந்திரமானவன், தனித்தவன்’ என்றார்கள். ஒப்பீட்டுக்காக எடுத்த சாதாரணக் கட்டடக் கலைஞர்கள் ‘பொறுப்பானவன், நேர்மையானவன், நம்பத்தக்கவன்’ என்றார்கள். எங்கள் அலுவலகத்தில் ஆளெடுக்கும்போது இரண்டாவது வகையைத்தான் தேடுகிறோம். வாடிக்கையாளரும் அதைத்தான் கேட்கிறார்.

ஆகவே ஐக்யூ 120 வரை வேண்டும், அதற்கு மேல் கூடினால் படைப்பாற்றலுக்குப் பயன் இல்லை என்ற பழைய கொள்கை சரிதான் போலிருக்கிறது.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

அந்த 40 பேரும் ஏற்கெனவே படிப்பிலும் தொழிலிலும் வடிகட்டப்பட்டு வந்தவர்கள். எல்லோரும் மேல்மட்டத்தில் நெருக்கமாக நிற்கும்போது ஒட்டுறவு எண் சுருங்கிவிடும். அதை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது.

120 கொள்கைக்கு வலுவான எதிர்ச்சாட்சி வெண்ணாறு சொன்ன அதே ஸ்டான்லி ஆய்வில் இருக்கிறது. முதல் ஒரு சதவீதத்துப் பிள்ளைகளையே மறுபடி நான்காகப் பிரித்தார்கள். உச்சியில் இருந்த கால்பங்கினர், அடியில் இருந்த கால்பங்கினரைவிட அதிகம் முனைவர் பட்டமும் காப்புரிமையும் வாங்கினார்கள். அந்த உயரத்திலும் அது நின்றுவிடவில்லை.

---

கோட்டோவியன் எழுதியது:

காப்புரிமை வாங்குவது படைப்பாற்றல் ஆகிவிடுமா சார்? பேனா மூடிக்கெல்லாம் காப்புரிமை இருக்கிறது. சோதனை நடக்கும் சூழலும் முக்கியம். 1965-ல் வாலக், கோகன் இருவரும் 151 பள்ளிப் பிள்ளைகளிடம் நேரக்கெடு இல்லாமல், பரீட்சை என்று சொல்லாமல், விளையாட்டுப்போல் விரி சிந்தனைக் கேள்விகளைக் கேட்டார்கள். அப்படிக் கேட்டபோதுதான் அந்தத் திறன் ஐக்யூவிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிந்தது. கடிகாரத்தை வைத்து மிரட்டினால் எல்லாச் சோதனையும் கடைசியில் ஒரே சோதனையாகிவிடும்.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

பேனா மூடி விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. அளக்க எளிதானதையே எல்லோரும் அளக்கிறார்கள்.

---

சிறப்பாசிரியர்_மதுரை எழுதியது:

மேதைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். பினே இந்தச் சோதனையைச் செய்ததே வேறு காரியத்துக்கு. பிரெஞ்சு அரசு 1904-ல் ஒரு குழு அமைத்தது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு குழந்தையின் அறிவு மாறவே மாறாத அளவு என்று சொல்பவர்களின் குரூரமான அவநம்பிக்கையை எதிர்க்க வேண்டும் என்று அவர் 1909-ல் எழுதினார். 1911-ல் இறந்துவிட்டார். அவர் உதவிக்கு வைத்த கருவியை அமெரிக்காவில் வரிசைப்படுத்தப் பயன்படுத்தினார்கள்.

நம் நாட்டுக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது. லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் 1922-லேயே ஹிந்துஸ்தானி வடிவம் செய்தார். பிறகு காமத் கன்னடம், மராத்தி பேசும் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றியதுதான் பினே-காமத் சோதனை. இன்றைக்கும் பல மையங்களில் அதைத்தான் வைக்கிறார்கள். என்னிடம் வரும் பெற்றோருக்கு அந்த எண் மேதைப் பட்டம் இல்லை. உதவித்தொகைக்கும் தேர்வுச் சலுகைக்கும் தேவைப்படும் சான்றிதழின் ஒரு பகுதி. எண் வேண்டாம் என்று வீரவசனம் பேசினால் அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கிடைக்காது.

ஆனால் ஒன்று. காய்ச்சலோடு வந்தால், பயந்திருந்தால், சோதிப்பவர் பேச்சு புரியாவிட்டால், எண் குறையும். ஆயிரம் பிள்ளைகளைப் பற்றி அது நன்றாகச் சொல்லும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

---

வெண்ணாறு எழுதியது:

வரிசைப்படுத்தியதன் விளைவு சின்னதில்லை. டெர்மன் பாசடீனாவிலிருந்த மனிதகுல மேம்பாட்டு அறக்கட்டளையில் உறுப்பினர். அது கட்டாயக் கருத்தடையை ஆதரித்த அமைப்பு. கலிஃபோர்னியாவில் 1909-ல் வந்த சட்டப்படி சுமார் 20,000 பேருக்குக் கருத்தடை செய்தார்கள். 1979-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

ஷாக்லியின் கதை இன்னும் விசித்திரம். ஐக்யூ சோதனையில் விழுந்த அதே மனிதர் பிற்காலத்தில் ஐக்யூ குறைந்தவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்று பிரசாரம் செய்தார், கறுப்பினத்தவர் பிறப்பிலேயே குறைந்தவர்கள் என்று பேசித் திரிந்தார். தன் குறைகடத்தி நிறுவனத்துக்கு ஆளெடுத்தபோதும் உளவியல் சோதனை வைத்தார். ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் புத்திசாலிகள்தான், ஆனால் நல்ல நிர்வாகிகளாக வர மாட்டார்கள் என்று அதில் முடிவு வந்ததாக மூரே பின்னாளில் சொன்னார். 1957-ல் அந்த இருவரோடு சேர்த்து எட்டுப் பேர் ஷாக்லியை விட்டுப் போனார்கள். 1968-ல் நாய்ஸும் மூரும் தொடங்கியது கம்ப்யூட்டர் சிப் நிறுவனமான இன்டெல்.

---

டூல்ரூம்_மணி எழுதியது:

நிர்வாகிகளா வர மாட்டாங்களாமா! 😂

---

தாரணியின்_அப்பா எழுதியது:

எல்லாரும் பெரிய விஷயம் பேசுறீங்க, ஒரு சந்தேகம். பாப்பாவுக்கு ஆறு வயசு. ஸ்கூல்ல ஒரு கேம்ப் போட்டாங்க. விரல் ரேகை எடுத்து, எட்டு வகை அறிவுல ஒவ்வொண்ணுலயும் அவ எத்தனை சதவீதம்னு ரிப்போர்ட் தருவாங்களாம். அதை வச்சு பெரியவளானா என்ன படிக்க வைக்கலாம்னு சொல்லுவாங்களாம். ரேகையும் எடுத்தாச்சு. அது கூடவே கண்ணைக் கட்டிக்கிட்டு படிக்கிற மிட்பிரெய்ன் கிளாஸும் இருக்கு. சேரலாமா?

---

சிறப்பாசிரியர்_மதுரை எழுதியது:

சேராதீர்கள் தம்பி. விரல் ரேகை தாய் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது. அதைப் பார்த்துப் பிள்ளைக்கு இசை வருமா கணக்கு வருமா என்று சொல்ல எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை. அந்த எட்டு வகை, ஹவர்ட் கார்ட்னர் 1983-ல் முன்வைத்த பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டிலிருந்து எடுத்தது. அதற்கே உளவியலில் எதிர்ப்பு அதிகம். கார்ட்னர் எங்கும் ரேகை பார்க்கச் சொல்லவில்லை. கண்ணைக் கட்டிப் படிப்பது மூக்கோரத்து இடைவெளி வழியாகப் பார்ப்பது. துணியை மூக்குப் பக்கம் நன்றாக அடைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

பாப்பாவுக்குப் படிப்பிலோ பேச்சிலோ சிரமம் இருந்தால் மட்டும் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கோ, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ கூட்டிப்போங்கள். சிரமம் இல்லையென்றால் ஆறு வயதில் எந்தச் சோதனையும் தேவையில்லை. பணம் கட்டிவிட்டீர்களா?

---

தாரணியின்_அப்பா எழுதியது:

ரேகைக்குப் பாதி கட்டிட்டேன் மேடம். மீதி ரிப்போர்ட் தரும்போது.

---

செல்வி_டீச்சர் எழுதியது:

ரசீது கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் ஒரு நகல் எடுத்துக்கொண்டு முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள். பள்ளி வளாகத்தில் யார் அனுமதி கொடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உங்களோடு இன்னும் நாலு பெற்றோர் வந்தால் பணம் சீக்கிரம் திரும்பும். ரேகைப் பதிவை அழித்துவிட்டதாகவும் எழுதி வாங்குங்கள், அதை மறந்துவிடாதீர்கள்.